குதிரையைக் குறுக்கே நடக்க வைத்த கலையும் நம்ம வேலூர்க் கோட்டையும்

1/
2023 செப்டம்பர் 26. சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. டிரெஸாஜ் குழுப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம். சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் விபுல் சேடா, அனுஷ் அகர்வல்லா. குதிரையேற்றத்தில் 41 வருஷம் கழிச்சு வந்த தங்கம் அது.

அந்த வீடியோவைப் பார்த்த பலரும் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "குதிரை டான்ஸ் ஆடுது. இதுக்கெல்லாமா தங்கம்?"

2/
நியாயமான கேள்வி. ஆனா பதில் சொல்லணும்னா 1733-ல் பாரிஸுக்கும், 1806-ல் நம்ம வேலூருக்கும், 1952-ல் ஹெல்சிங்கிக்கும் ஒரு நடை போயிட்டு வரணும். ஒரு டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க. கொஞ்சம் நீளமான இழை இது.

3/
முதல்ல, டிரெஸாஜ்னா என்ன?

அது பிரெஞ்சு வார்த்தை. "பயிற்சி" என்றுதான் அர்த்தம். 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் கொண்ட மணல் தரை. அதில் குதிரையும் ஆளும் வரிசையாகச் சில அசைவுகளைச் செய்து காட்டணும். நடுவர்கள் ஒவ்வொரு அசைவுக்கும் 10-க்கு இத்தனை என்று மார்க் போடுவாங்க.

இதில் பார்ப்பவர்களை வியக்க வைப்பது பக்கவாட்டு நடை. குதிரை முன்னால் பார்த்துக்கிட்டே, கால் மேல் கால் குறுக்கே போட்டு, தரையில் சாய்வாக நகரும். மேலே உக்காந்திருக்கும் ஆள் எதுவுமே செய்யாத மாதிரி இருக்கும்.

4/
அதில் சில வகைகளை மட்டும் சொல்லிடறேன். பின்னால் தேவைப்படும்.

லெக்-யீல்டிங்: ஆளின் ஒரு கால் லேசாக அழுத்த, குதிரை அந்தக் காலை விட்டு விலகிப் பக்கவாட்டில் நகரும். உடம்பு கிட்டத்தட்ட நேராக இருக்கும். இதுதான் பாலபாடம்.

ஷோல்டர்-இன்: குதிரை சுவரோரமாகப் போகும். ஆனால் தோள் மட்டும் உள்பக்கம் வளைந்து வரும். முன்னாலிருந்து பார்த்தால் நாலு காலும் மூணு தடத்தில் போவது தெரியும்.

ஹாஃப்-பாஸ்: போகும் திசையைப் பார்த்தே உடம்பை வளைத்து, மூலைவிட்டமாக நகர்வது. இதுதான் "டான்ஸ்" மாதிரி தெரிவது.

5/
இப்போ கொஞ்சம் உடற்கூறியல். இதைச் சொல்லாம விட்டா நான் டாக்டரே இல்லை.

பைக்கில் இருந்து விழுந்து வரும் பலருக்கு முதல்ல எங்கே அடிபட்டிருக்குன்னு பார்ப்போம்? காறை எலும்பு. கழுத்துக்குக் கீழே இருக்கும் அந்தக் குச்சி எலும்புதான் நம் கையை நெஞ்சுக்கூட்டோடு சேர்த்து வைக்குது.

குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது! அதன் மொத்த நெஞ்சுக்கூடும் ரெண்டு முன்னங்காலுக்கு நடுவே, தசைகளால் கட்டின தூளி மாதிரி தொங்குது. எலும்பு மூட்டு எதுவும் இல்லை. அதனாலதான் முன்னங்காலைக் குறுக்கே எடுத்து வைக்க ஒரு வாய்ப்பு இருக்கு.

6/
பின்னங்கால் கதை வேற.

மாட்டில் பால் கறந்தவங்களுக்குத் தெரியும். அது பக்கவாட்டில் உதைக்கும். குதிரை பெரும்பாலும் நேர் பின்னால்தான் உதைக்கும். காரணம், குதிரையின் தொடை எலும்புத் தலையைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு கூடுதல் இணைப்பு நார். இது மாட்டுக்குக் கிடையாது. கால் வெளிப்பக்கம் அகலமாக விரிவதை இந்த நார் தடுக்குது.

அதாவது, குதிரையின் உடம்பு முன்னோக்கி ஓடுவதற்குன்னே அமைஞ்சது. மிரளும்போது ஒரு எட்டு பக்கவாட்டில் துள்ளும், அவ்வளவுதான். அதை நிதானமாக, வளைவாக, தாளம் தப்பாமல் பக்கவாட்டில் நடக்கவைக்க வருஷக்கணக்கில் பொறுமை வேணும்.

7/
சரி, எதுக்கு இந்த வேலை?

நிற்கும் குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் விழும். மேலே ஒரு ஆள் ஏறினால் முன்பாரம் இன்னும் கூடும். அப்படியே ஓட்டிக்கிட்டே இருந்தா முன்னங்கால் மூட்டுகள் தேயும். குதிரையும் கைக்கு அடங்காமல் இழுத்துக்கிட்டு ஓடும்.

ஷோல்டர்-இன் செய்யும்போது உள்பக்கப் பின்னங்கால், வயிற்றுக்கு அடியில் வந்து ஊன்ற வேண்டியிருக்கு. அந்தக் கால் பாரத்தை வாங்கிப் பழகும். பின்பக்கம் பலமாகும், தோள் லேசாகும். பிசியோதெரபியில் நாங்க சொல்லித்தரும் பயிற்சிகளுக்கும் இதுக்கும் தத்துவம் ஒண்ணுதான்.

8/
மனுஷன் இதைக் கத்துக்கும்போது என்ன ஆகும்? இங்கேதான் சுவாரஸ்யம்.

புதுசா ஏறுபவர் செய்யும் முதல் காரியம், உள்பக்க லகானைப் பிடிச்சு இழுப்பது. கழுத்து மட்டும் வளையும். உடம்பு பழைய திசையிலேயே நழுவிப் போகும். ஸ்டீயரிங் திரும்புது, வண்டி திரும்பல.

ரெண்டாவது பயம். பயந்தால் நம் தொடையின் உள்பக்கத் தசைகள் இறுகும், குதிங்கால் மேலே ஏறும், உடம்பு முன்னால் குனியும். இது நம் அனிச்சை. ஆனால் இறுகின காலைக் குதிரை எப்படிப் புரிஞ்சுக்கும்? "வேகமாப் போ"ன்னு!

9/
அப்போ சரியான முறை?

உள்பக்கக் கால், சேணத்தின் வயிற்றுப்பட்டை கிட்டே லேசாகத் தொட்டு "வளை, நகரு" என்று கேட்கணும். வெளிப்பக்கக் கால் ஒரு சாண் பின்னால் இருந்து பின்பக்கம் விலகாமல் பார்த்துக்கணும். வெளிப்பக்க லகான் "இந்த அளவு போதும்" என்று எல்லை சொல்லணும். உக்காரும் எலும்பில் எடையைத் துளி மாற்றணும். குதிரை கேட்டவுடனே அழுத்தத்தை விட்டுடணும்.

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். குதிரை கத்துக்கறது அழுத்தத்திலிருந்து இல்லை, அழுத்தம் விலகும் நொடியிலிருந்து.

10/
"இவ்வளவு லேசான தொடுதல் 500 கிலோ மிருகத்துக்குத் தெரியுமா?"

தெரியும். குதிரையின் முதுகில் ஒரு ஈ உக்காரட்டும், அந்த இடத்துத் தோல் மட்டும் சிலிர்த்து உதறும். தோலுக்கு அடியிலேயே அதுக்கென்று ஒரு தசை விரிப்பு இருக்கு. ஈ உக்காருவதை உணரும் உடம்புக்கு நம் குதிங்கால் தெரியாதா?

தெரியாமப் போறது நாம தொடர்ந்து உதைச்சுக்கிட்டே இருக்கும்போதுதான். அப்போ அது கேட்பதை நிறுத்திடும்.

11/
இனி வரலாறு.

கி.மு. 4-ம் நூற்றாண்டிலேயே கிரேக்கத் தளபதி செனபோன் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதிட்டார். கட்டாயப்படுத்திச் செய்ய வைக்கும் எதிலும் அழகு இருக்காது என்பது அவர் கட்சி.

1658-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பிரபு வில்லியம் கேவண்டிஷ், நாட்டைவிட்டு வெளியேறி ஆண்ட்வெர்ப்பில் இருந்தபோது ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். குதிரையை வட்டத்தில், தலையை உள்ளே வைத்து நடத்தி, தோளை இளக்குவது அவர் முறை.

12/
அந்த வட்டத்தை நேர்கோட்டுக்குக் கொண்டுவந்தவர் பாரிஸில் துயிலரி அரண்மனைப் பயிற்சிக்கூடத்தை நடத்திய பிரான்சுவா ரோபிஷோன் த லா கெரினியேர். 1733-ல் முழுமையாக வந்த அவர் நூல் "எகோல் த கவலெரி". சுவரோரம் நேராகப் போய்க்கொண்டே தோளை உள்ளே கொண்டுவரும் ஷோல்டர்-இன், அவர் பெயரால்தான் அறியப்படுது. வியன்னாவின் புகழ்பெற்ற ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளிக்கு இன்னைக்கும் அதுதான் அடிப்படை நூல்.

13/
"எல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு நிமிஷம்.

பழந்தமிழ் நூல்களில் குதிரையின் நடைக்குத் தனிச் சொற்கள் உண்டு. "ஐங்கதி" என்றால் ஐந்து வகை நடை. "சாரி" என்றால் சுழன்று வரும் ஓட்டம். இடப்பக்கம் சுழன்றால் இடசாரி, வலப்பக்கம் சுழன்றால் வலசாரி. இதுவும் ஷோல்டர்-இன்னும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. ஆனா குதிரையை ரெண்டு பக்கமும் சமமாகத் திருப்பிப் பழக்கணும் என்ற அறிவு இந்த மண்ணிலும் இருந்தது. அதுக்குச் சாட்சி இந்தச் சொற்களே.

நம்ம பகுதியில் பழகின "ராவுத்தர்" என்ற பெயருக்கும் குதிரைவீரர் என்றுதான் பொருள்.

14/
ஆனால் ஒரு பிரச்சினை. தமிழ்நாட்டின் வெப்பத்தில் நல்ல போர்க்குதிரை வளர்ப்பது கஷ்டம். அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கப்பலில் வந்தன. 13-ம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் குதிரை இறக்குமதி ஆவதையும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவை சீக்கிரமே செத்துப் போவதையும் எழுதி வச்சிருக்கார். சோறும் வெந்த கறியும் போட்டார்களாம்! வயிறு என்ன ஆகும்?

15/
வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் போயிருப்பீங்க. உள்ளே நுழைந்ததும் பக்கத்தில் இருக்கும் கல்யாண மண்டபத்தின் தூண்களை நின்று பார்த்திருக்கீங்களா? 16-ம் நூற்றாண்டு வேலை. ஆளைச் சுமந்துக்கிட்டு முன்னங்காலைத் தூக்கிப் பாயும் குதிரைகள், யாளிகள்.

அடுத்த முறை அந்தக் குதிரைகளின் பின்னங்காலைப் பாருங்க. மொத்தப் பாரமும் பின்னால். மேலே 7-வது பதிவில் சொன்ன அதே விஷயம். அந்தச் சிற்பி குதிரையைக் கண்ணால் அளந்தவர்.

16/
குதிரைக்கும் இந்தப் பகுதிக்கும் இன்னொரு பந்தம் ராணிப்பேட்டை. தோல் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஊர். ஆனா அந்தப் பேர்?

1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு போரிட்டுச் செத்தார் செஞ்சியின் இளம் ராஜா தேசிங்கு. உடன்கட்டை ஏறிய அவர் ராணியின் நினைவாக நவாப் வைத்த ஊர் ராணிப்பேட்டை என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. யாராலும் அடக்க முடியாத குதிரையை டெல்லியில் அடக்கியவர் தேசிங்கு என்று கதைப்பாட்டு பாடுது. பாட்டில் வருவது "அடக்குதல்". கெரினியேர் எழுதியது "இளக்குதல்". இந்த வித்தியாசத்தை மனசில் வச்சுக்கோங்க.

17/
இப்போ பிரிட்டிஷார்.

1761-ல் பெம்புரோக் பிரபு ஹென்றி ஹெர்பர்ட், ராணுவத்துக்காகவே ஒரு கையேடு எழுதினார்: குதிரைகளைப் பழக்குவதும் சிப்பாய்களுக்குக் குதிரையேற்றம் கற்றுத்தருவதும். கெரினியேரின் ஷோல்டர்-இன், பிரெஞ்சுப் பெயரோடேயே அதில் ஒரு பாடம். அரண்மனையில் பிரபுக்கள் செய்ததைச் சாதாரணக் குதிரைப்படை வீரனுக்குக் கொண்டுவந்தார்.

இன்னொன்றும் சொன்னார். குதிரையிடம் கோபம் கூடாது. பொறுமை வேணும். பயமுறுத்திப் பழக்கிய குதிரையை நம்ப முடியாது.

18/
போருக்கு எதுக்குப் பக்கவாட்டு நடை?

குதிரைப்படை வரிசையில் வீரர்கள் முழங்காலோடு முழங்கால் உரசும் நெருக்கத்தில் நிற்பாங்க. நடுவில் ஒருத்தர் விழுந்தால் அந்த இடைவெளியை மற்றவர்கள் பக்கவாட்டில் நகர்ந்து உடனே அடைக்கணும். திரும்பி, சுத்தி வர நேரம் கிடையாது. ஒரு கையில் வாள், ஒரு கையில் லகான். அப்போ குதிரை கேட்க வேண்டியது ஆளின் காலையும் எடையையும்தான்.

19/
1782-ல் மதராஸில் ஒரு பிரிட்டிஷ் குதிரைப்படை ரெஜிமெண்ட் வந்து இறங்கியது. பிரிட்டிஷ் அரசின் குதிரைப்படையில் இந்தியாவுக்கு வந்த முதல் ரெஜிமெண்ட் அது. பின்னால் அதன் பெயர் 19-வது லைட் டிராகூன்ஸ். 1803-ல் அஸ்ஸாயே போரில் இருந்தவர்கள். 1806-ல் அவர்கள் இருந்த இடம்? நம்ம ஆற்காடு. தளபதி ரோலோ கில்லெஸ்பி.

ஆற்காட்டிலிருந்து வேலூர் சுமார் 25 கிலோமீட்டர். இன்னைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

20/
அதே நேரம் வேலூர்க் கோட்டைக்குள் வேற ஒரு விஷயம் புகைஞ்சுக்கிட்டு இருந்தது.

1805 நவம்பரில் மதராஸ் படைக்குப் புது உத்தரவு. நெற்றியில் சமயக் குறி கூடாது. தாடியை மழிக்கணும். கடுக்கன் கூடாது. தலைப்பாகைக்குப் பதிலாக ஐரோப்பியத் தொப்பி போன்ற ஒன்று. அதில் தோலால் செய்த ஒரு பதக்கம்.

தோல்! இந்துச் சிப்பாய்க்கு அது பசுவின் தோலோ, முஸ்லிம் சிப்பாய்க்கு அது பன்றியின் தோலோ என்ற பயம். மறுத்தவர்களில் இரண்டு பேருக்கு, ஒரு இந்து, ஒரு முஸ்லிம், சவுக்கடி கொடுத்துப் படையிலிருந்து நீக்கினாங்க.

21/
இங்கே கொஞ்சம் நில்லுங்க.

45 வருஷத்துக்கு முன்னாலேயே அதே ராணுவத்துக்கு எழுதின கையேடு என்ன சொன்னது? குதிரை மறுத்தால் அடிக்காதே. ஏன் மறுக்குது என்று பாரு. அழுத்தத்தைக் குறை. திரும்பக் கேள்.

குதிரைக்குப் புரிய வைக்க அவ்வளவு பொறுமை. சிப்பாய்க்குச் சவுக்கு.

இந்த இழையில் நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். மீதியெல்லாம் இதைச் சுத்தித்தான்.

22/
1806 ஜூலை 10, விடியறதுக்கு முன்னால் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தாங்க. பிரிட்டிஷ் 69-வது ரெஜிமெண்டைச் சேர்ந்த 100-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டாங்க. அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தான் குடும்பத்தின் பெயரால் மைசூர்ப் புலிக்கொடி கோட்டையில் ஏறியது. 1857-க்கு 51 வருஷம் முன்னால்.

கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஒரு அதிகாரி ஆற்காட்டுக்குச் செய்தி கொண்டுபோனார்.

23/
கில்லெஸ்பி உடனே கிளம்பினார். தனக்குப் பின்னால் 19-வது டிராகூன்ஸும், 7-வது மதராஸ் குதிரைப்படையும், குதிரை இழுக்கும் சின்ன பீரங்கிகளும் வர, தான் முன்னாலேயே சுமார் 20 பேரோடு வேகமாக வந்து சேர்ந்தார். கயிறு கட்டி மதிலில் ஏறினார். பீரங்கி வந்ததும் கதவு தகர்ந்தது. குதிரைப்படை உள்ளே பாய்ந்தது.

ஆமா, வந்தவர்களில் இந்தியக் குதிரைவீரர்களும் இருந்தாங்க. வரலாறு எப்பவும் ரெண்டே கட்சியாகப் பிரிஞ்சு நிக்காது.

24/
மதியத்துக்குள் முடிந்தது. அரண்மனையில் ஒளிந்திருந்த கிட்டத்தட்ட 100 சிப்பாய்களை வெளியே இழுத்து, மதில் ஓரமாக நிறுத்தி, பீரங்கிக் குண்டுகளால் கொன்றதை அங்கே இருந்த பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரே எழுதியிருக்கார். மொத்தத்தில் செத்த சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில். பிறகு விசாரணை, தூக்கு, பீரங்கி வாயில் கட்டிச் சுடுதல்.

அதுக்கு அப்புறம்தான் அந்தத் தொப்பி உத்தரவு வாபஸ்! மதராஸ் கவர்னர் வில்லியம் பெண்டிங்கையும் தலைமைத் தளபதி ஜான் கிராடாக்கையும் 1807-ல் திரும்ப அழைத்துக்கொண்டது லண்டன்.

25/
அன்னைக்குக் கோட்டை வாசலில் யாரும் ஷோல்டர்-இன் செய்யல. அது போர்க்களத்தில் செய்யும் வேலை இல்லை. மைதானத்தில் காலை நேரத்தில் மாசக்கணக்கில் செய்யும் பயிற்சி. ஆனா 25 கிலோமீட்டர் ஓடிவந்து, பீரங்கிச் சத்தத்துக்கு நடுவே, குறுகிய வாசல் வழியாகச் சொல்பேச்சு கேட்டு உள்ளே போகும் குதிரை அந்த மாதிரிப் பயிற்சியால்தான் உருவாகும்.

ஒரு கலை அழகாக இருக்கு என்பதால் அது நல்லவர்கள் கையில் மட்டும்தான் இருந்ததுன்னு அர்த்தம் இல்லை.

26/
போர்க்களத்தில் இயந்திரத் துப்பாக்கியும் டாங்கியும் வந்த பிறகு குதிரைப்படையின் காலம் முடிந்தது. (இந்தியாவில் 1953-ல் உருவான 61-வது குதிரைப்படை ஜெய்ப்பூரில் இன்னும் இருக்கு.) அப்போ இந்தக் கலை எங்கே போச்சு? ஒலிம்பிக்ஸுக்கு.

ஆனா போகும்போது ராணுவ வாசனையோடேயே போச்சு. ஒலிம்பிக் டிரெஸாஜில் பெண்களுக்கு இடமில்லை. ராணுவத்திலிருந்து வந்தாலும் அதிகாரியாக இருக்கணும். 1948-ல் லண்டனில் ஸ்வீடன் குழு தங்கம் ஜெயிச்சது. குழுவில் இருந்த கேனால் பெர்சன் உண்மையில் சார்ஜெண்ட், போட்டிக்காக மட்டும் பதவி உயர்த்தப்பட்டவர் என்று தெரிய வர, அடுத்த வருஷம் தங்கத்தையே பறிச்சுட்டாங்க.

குதிரை ஒத்துக்கிட்டது. நடுவர் மார்க் போட்டார். தோள்பட்டையில் இருந்த பட்டை பத்தல!

27/
அந்த அநியாயத்துக்கு அப்புறம் விதி மாறியது. 1952 ஹெல்சிங்கியில் முதல்முறையாக டிரெஸாஜில் பெண்களும், அதிகாரி அல்லாதவர்களும்.

அதில் வந்தவர் டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல். 1944-ல், 23 வயசில், கர்ப்பமாக இருக்கும்போது போலியோ தாக்கியது. பிறகு நடக்கக் கற்றார், ஆனால் முழங்காலுக்குக் கீழே தசைகள் வேலை செய்யல. குதிரையில் ஏற, இறங்க ஆள் உதவி வேணும்.

28/
இப்போ 9-வது பதிவைத் திரும்பப் படிங்க. பக்கவாட்டு நடைக்கு என்ன வேணும்? உள்பக்கக் கால், வெளிப்பக்கக் கால். இவருக்கு முழங்காலுக்குக் கீழே அதுதான் இல்லை!

ஹார்டெல் தன் எடையாலும் முதுகாலும் பேசினார். அவருடைய ஜூபிலி என்ற குதிரை அதைக் கேட்கப் பழகியது. வெள்ளிப் பதக்கம். தங்கம் வென்ற ஸ்வீடனின் ஹென்றி சான் சீர், மேடையில் ஏற அவருக்குக் கை கொடுத்தார். 1956-ல் மறுபடியும் வெள்ளி.

இதே விளையாட்டில் 4 வருஷம் முன்னால் ஒரு சார்ஜெண்டுக்கே இடமில்லை என்பதை நினைச்சுப் பாருங்க.

29/
வேலூர்க்காரங்களுக்கு இந்த இடத்தில் ஒரு பேர் ஞாபகம் வரணும். டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயல் இழந்தார். சக்கர நாற்காலியில் உக்காந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னால் சி.எம்.சி-யில் மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டி எழுப்பினார்.

ஹார்டெலும் இவரும் ஒருத்தரை ஒருத்தர் அறிந்தவர்கள் என்று சொல்ல வரல. ஆனா ரெண்டு பேரும் காட்டினது ஒண்ணுதான். உடம்பில் ஒரு பாதை அடைபட்டால் இன்னொரு பாதை வழியாகப் பேசலாம். எதிரில் இருப்பவர் கேட்கத் தயாராக இருக்கணும்.

30/
ஹார்டெலின் வெற்றிக்குப் பிறகு ஐரோப்பாவில் குதிரையேற்றம் மறுவாழ்வு சிகிச்சையாகவும் வளர்ந்தது. குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு முன்-பின், இட-வலம், மேல்-கீழ் அசையும். நாம் நடக்கும்போது நம் இடுப்பு அசைவது போலவே. பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்குச் சமநிலையில் கொஞ்சம் முன்னேற்றம் தரும்.

"கொஞ்சம்" என்ற வார்த்தையைக் கவனிங்க. இது பிசியோதெரபிக்குத் துணை, மாற்று இல்லை. "குதிரை சிகிச்சையில் குணமாகும்" என்று யாராவது பணம் கேட்டா நம்பாதீங்க. 1996 அட்லாண்டாவிலிருந்து பாராலிம்பிக்ஸிலும் டிரெஸாஜ் உண்டு.

31/
டாக்டராக ஒரு எச்சரிக்கையும். டிரெஸாஜ் மெதுவான விளையாட்டு, விழமாட்டோம் என்று நினைச்சு உயரத் தொப்பியோடு ஏறுவது பழைய வழக்கம். 2010-ல் அமெரிக்க ஒலிம்பிக் வீராங்கனை கோர்ட்னி கிங்-டை ஹெல்மெட் இல்லாமல் பயிற்சி செய்தபோது குதிரை தடுக்கி விழுந்தது. மண்டையோடு உடைந்து கோமா. பிழைத்தார், பேச்சையும் நடையையும் திரும்பக் கத்துக்க வேண்டியிருந்தது. சர்வதேசப் போட்டிகளில் 2021-லிருந்து ஹெல்மெட் கட்டாயம்.

குதிரைக்கு மட்டுமில்லைங்க. ஆம்பூர் பைபாஸில் பைக்குக்கும் இதே தலைதான்.

32/
கடைசியா, தோல்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை. ஆவாரம் பட்டையில் தோல் பதனிட்ட காலத்திலிருந்து குரோம் காலம் வரை, இந்த ஊர்களின் கைகள் உலகத்துக்குத் தோல் கொடுத்திருக்கு. இந்தியாவில் சேணத்துக்குப் பேர்போனது கான்பூர். நம்ம பக்கம் ஷூ.

குதிரையேற்றத்தில் தோல் வெறும் பொருள் இல்லை. லகான் தோல், சேணம் தோல், பூட்ஸ் தோல். கையும் காலும் இடுப்பும் சொல்வதைக் குதிரையிடம் கொண்டுபோவது அந்தத் தோல்தான். டெலிபோன் வயர் மாதிரி. அதே தோலில் ஒரு துண்டை, கேட்காமல், ஒருத்தன் தலையில் மாட்டினப்போ 1806 நடந்தது.

33/
அதனால, "குதிரை டான்ஸுக்கா தங்கம்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்:

தங்கம் டான்ஸுக்கு இல்லை. தன்னைவிட ஏழு எட்டு மடங்கு எடையுள்ள ஒரு உயிரிடம் கட்டாயப்படுத்தாமல் ஒரு காரியத்தைக் கேட்டு, அது சம்மதிச்சுச் செய்ததுக்கு. அனுஷ் அகர்வல்லா அடுத்த வருஷமே பாரிஸ் ஒலிம்பிக்ஸில் டிரெஸாஜில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார்.

34/
வேலூர்க் கோட்டைக்குப் போனா ரெண்டு இடத்தில் நில்லுங்க. கல்யாண மண்டபத்துக் குதிரைகளின் பின்னங்கால் முன்னால் ஒரு நிமிஷம். கோட்டைக்கு எதிரே மக்கான் பக்கம் இருக்கும் சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூண் முன்னால் ஒரு நிமிஷம். குழந்தைகளைக் கூட்டிட்டுப் போனீங்கன்னா ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க.

 பயனுள்ளதாக இருந்தா பகிருங்கள். கேள்வி இருந்தா கீழே கேளுங்கள், ஓ.பி. முடிச்சுட்டு வந்து பதில் சொல்றேன்.